பல்புப் பெட்டி

"எந்தக் கையால திருகுனே?"

ஐயாத்துரை இதைக் கேட்டபோது ராஜகுருவின் வாய் நிறைய ரத்தம். துப்பினால் மேசைமேல் விழும். விழுந்தால் அதற்கும் ஓர் அறை கிடைக்கும். விழுங்கிக்கொண்டான். பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. அந்தத் தாமதம் பிடிக்காமல் ஐயாத்துரை அருவாளை ஓங்கி மேசையில் கொத்தினார். தேக்குப் பலகையில் அது நட்டு வைத்ததுபோல நின்று ஆடியது.

"கேக்கேன்ல? எங்க பாட்டை மெலிய வச்சு, பால்சாமி பாட்டைப் பெருக்க வச்சியே, அந்தத் திருகை எந்தக் கையால திருகுனே?"

"இடது கைண்ணே."

பொய்தான். மவுஸ் பிடிப்பதும் வலது கை, திருகுகளைத் திருப்புவதும் வலது கை, வயர் பற்ற வைப்பதும் வலது கை. அவன் பிழைப்பு முழுக்க அந்த ஐந்து விரலில் இருந்தது. ஒரு கை போகத்தான் போகிறது என்றால் எது போகலாம் என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"அந்த எடது கையவே வை மேசையில."

ஐயாத்துரையின் அக்கா மகன் அருண்பாண்டியன் ராஜகுருவின் இடது மணிக்கட்டைப் பிடித்து மேசைமேல் அழுத்தினான். ஆள் இருபத்தைந்துக்குள்தான் இருப்பான். பிடி இரும்புப் பிடி. கதவுப் பக்கம் இன்னும் இரண்டு பேர். பக்கத்திலிருந்த அடுப்படியில் ராஜகுருவின் மனைவி ஈஸ்வரியை உள்ளே தள்ளி வெளித் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். அவள் உள்ளிருந்து கதவை இடித்துக்கொண்டே இருந்தாள். அந்த இடி இந்த அறைக்குள் பஞ்சில் குத்துவதுபோலத்தான் கேட்டது. சுவர் முழுக்கக் கழிவுப்பஞ்சு அடைத்த மெத்தைகளை அவனே ஆணியடித்து மாட்டியிருந்தான். இந்த அறையில் மனிதனை வெட்டினாலும் தெருவுக்குக் கேட்காது. வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது.

ராஜகுருவின் அப்பாவுக்கு அருப்புக்கோட்டை பஜாரில் பாத்திரக்கடை இருந்தது. கடை தம்பி கைக்குப் போனபின், ராஜகுரு திருச்சுழி ரோட்டில் இருந்த பழைய தறிக்கூடத்தை வீடாக்கி, அதில் ஓர் அறையை ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டான். ஜவுளிக்கடை விளம்பரம், கட்சிக்காரர்களின் ஆட்டோ அறிவிப்பு, சாமிப் பாட்டு என்று வேலை தட்டுப்பாடில்லாமல் வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை வரும் ஓடைக்கருப்பன் பாட்டுதான் அவனுக்குப் பெருமையான வேலை.

பரளச்சிக்குக் கிழக்கே, மழையை நம்பி வெள்ளாமை பார்க்கும் ஓர் ஊரின் சாமி ஓடைக்கருப்பன். அந்த ஊரில் மேல வகையறா, கீழ வகையறா என்று பங்காளிகள் இரண்டு கிளை. மேல வகையறாவை முன்னின்று நடத்தும் தலைக்கட்டு ஐயாத்துரை. கீழ வகையறாவுக்கு அவருடைய சித்தப்பா மகன் பால்சாமி. பொங்கலன்று கிடாயும் பொங்கப்பானையுமாக ஒவ்வொரு கிளையும் கோயிலுக்கு வரும்போது அந்தத் தலைக்கட்டே கருப்பனைக் கூப்பிட்டுப் பாட வேண்டும். கூலிப் பாடகன் கூடாது. முன்பெல்லாம் மைக்கைப் பிடித்து நேரிலேயே பாடினார்கள். மைக்கை யார் அதிக நேரம் வைத்திருந்தது என்று ஒரு வருஷம் மண்டைகள் உடைந்தன. அதன் பிறகு ஊர் கூடி ஒரு விதி வைத்தது. இரண்டு பாட்டும் ஒரே ஸ்டுடியோவில் பதிவாக வேண்டும். ஒரே தாளம், ஒரே நீளம். யாருக்கும் கூடக்குறைய இருக்கக்கூடாது. ரேடியோ செட்டுக்காரர் இரண்டையும் அடுத்தடுத்துப் போட வேண்டியது.

ராஜகுரு நீளத்தை ஒரு நொடி பிசகாமல் அளந்து கொடுப்பான். இந்த வருஷமும் கொடுத்தான். அளக்காமல் விட்டது ஒன்றே ஒன்று.

ஐயாத்துரை வந்து பாடிவிட்டுப் போன வாரத்தில் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. மைக்கின் குரல் கம்ப்யூட்டருக்குப் போகுமுன் அதைத் தூக்கிக் கொடுக்கும் ட்யூப் பிரீஆம்ப். பழைய வால்வு ரேடியோவில் இருந்ததைப் போலக் கண்ணாடிக் குழல் ஒன்று உள்ளே. பெரிய ஸ்டுடியோக்காரர்கள் லட்சங்களில் வாங்குவதன் ஏழைத் தம்பி. மலிவுதான், ஆனால் திருகைக் கொஞ்சம் முறுக்கினால் குரலில் சதை பிடிக்கும். அடித்தொண்டை கனக்கும். ராஜகுரு குழந்தை போல அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில் பால்சாமி பாட வந்தார். "புதுசா என்னமோ வாங்கிருக்கே போல," என்றுகூட அவர் கேட்கவில்லை. பாடினார், டீ குடித்தார், போனார். ராஜகுரு திருகை நன்றாகவே முறுக்கியிருந்தான்.

நேற்றுதான் பொங்கல். சாயங்காலம் கோயில் திடலில் இரண்டு பாட்டும் குழாய் ஸ்பீக்கரில் ஒலித்தன. ஐயாத்துரையின் குரல் காற்றில் காய்ந்த சருகு போலப் பறந்தது. அடுத்து வந்த பால்சாமியின் குரல் திடலையே உலுக்கியது. கீழ வகையறாப் பெண்கள் கூட்டத்திலிருந்து மாயக்காள் என்பவள், "மேல வீட்டுக்காரவுகளுக்குத் தொண்டையில மீன் முள்ளு கிள்ளு மாட்டிக்கிருச்சா?" என்று கேட்டாள். சிரிப்பு பரவியது. ஐயாத்துரை முதல் ஆளாகக் கம்பை எடுத்தார். பால்சாமியின் மகனுக்குத் தோள்பட்டை உடைந்து இப்போது அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். ஐயாத்துரையின் நெற்றியிலும் கட்டு. கட்டில் ஊறிய ரத்தம் காய்ந்து கருத்திருந்தது.

"பாத்திரக்கடை மவன்ல நீ," என்றார் ஐயாத்துரை. "எங்களுக்கு ஈயச் சட்டிய ஒட்டுப் போட்டுக் குடுத்துட்டு, அவனுக்கு வெங்கலத்தக் குடுத்துருக்கே. என்ன குடுத்தான் உனக்கு?"

"ஒண்ணும் குடுக்கலண்ணே. அவுகளுக்கு விஷயமே தெரியாது. இடையில புதுப் பெட்டி வந்துச்சு, அதுல அவுக பாடுனாக. அவ்வளவுதான்."

அருண்பாண்டியன் முழங்கையால் அவன் விலாவில் ஒன்று விட்டான். "அவ்வளவுதானாம்ல மாமா. நம்ம மானம் போனது இவனுக்கு அவ்வளவுதான்."

ராஜகுருவுக்கு மூச்சு திரும்பவில்லை. திரும்பும் நேரத்தில் ஐயாத்துரையின் செல் அடித்தது. எடுத்தார். செல்லில் பேசியது அவர் தம்பி சுந்தரபாண்டி. காதில் வைத்துப் பேசினாலும், பஞ்சு மெத்தை அறையில் அந்தச் சன்னக் குரல் தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, ஆஸ்பத்திரிய விட்டுக் கெளம்பிட்டான். பைக்குல ஒத்தையில வாரான். கண்மாய் வளைவுல நிக்கோம்."

"ம். பாத்துச் செய்யி," என்று ஐயாத்துரை வைத்துவிட்டார்.

யாரைச் சொல்கிறார்கள் என்று ராஜகுருவுக்குப் புரிந்துவிட்டது. மகனைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பும் பால்சாமி, திருச்சுழி ரோட்டில் கருவேலங்காட்டுக்கு நடுவே அந்த வளைவுக்கு வந்து சேர அரைமணி ஆகும். அதற்குள் இந்த மனிதனை நம்ப வைக்க வேண்டும். வைத்தால் தன் கையும் மிஞ்சும், அங்கே ஓர் உயிரும் மிஞ்சும்.

"அண்ணே, காட்டுறேன்," என்றான். "வாயால சொன்னா நம்ப மாட்டீக. ஒரே கம்பெனி மைக்கு ரெண்டு இருக்கு. ரெண்டையும் ஒட்டி வைக்கிறேன். ஒண்ணு பழையபடி நேரா கம்ப்யூட்டருக்குப் போகும், ஒண்ணு இந்தப் பெட்டி வழியாப் போகும். நீங்களே பாடுங்க. ஒரே மூச்சு, ஒரே பாட்டு. ரெண்டையும் போட்டுக் காட்டுறேன். நீங்க நேத்துக் கேட்ட வித்தியாசம் அப்படியே வரலைன்னா, ரெண்டு கையையும் எடுத்துக்கிடுங்க."

ஐயாத்துரை அவனையே பார்த்தார். பிறகு மேசையிலிருந்து அருவாளைப் பிடுங்கினார். "விடுலே அவன. காட்டட்டும்."

பெட்டி தரையில் கிடந்தது. உள்ளே நுழைந்த வேகத்தில் அவர்களில் ஒருவன் மேசையை உதைத்தபோது விழுந்தது. ராஜகுரு எடுத்து மேசையில் வைத்து, வயர்களைச் சொருகி, அடாப்டரைப் போட்டான். முன்பக்கச் சல்லடைக்குள் ஆரஞ்சு வெளிச்சம் எரிந்தது. ஆனால் ஸ்பீக்கரில் வந்தது வெறும் கரகரப்பு. வண்டு செத்துக்கொண்டிருப்பது போல ஒரு சத்தம்.

"எரியுதுல்ல? பெறகென்ன?" என்றான் அருண்பாண்டியன்.

"அந்த வெளிச்சம் சும்மா அழகுக்கு. மலிவுப் பெட்டிக்கெல்லாம் பின்னாடி ஒரு எல்இடிய வச்சிருப்பான். வால்வு உள்ள கழண்டுருக்கு."

அவன் கன்னத்தில் அறை விழுந்தது. காது 'ங்ஙொய்' என்றது. "பித்தலாட்டம் பண்ணுறான் மாமா. நேரத்தக் கடத்துறான். ஆளு யாரையும் வரச் சொல்லிருப்பான்."

"தெறந்து பாத்துக்கிடுங்க! நாலு ஸ்குருதான்!" ராஜகுரு கத்தினான். ஈஸ்வரி அவன் கத்தலைக் கேட்டு அடுப்படிக் கதவை இன்னும் வேகமாக இடித்தாள். வாசலில் நின்றவர்களில் ஒருவன் போய்க் கதவில் ஓங்கி உதைத்து, "சும்மா கெட, இல்லைன்னா உள்ள வருவேன்," என்றான். இடி நின்றது. அது நின்றபிறகுதான் ராஜகுருவுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

அடாப்டரைப் பிடுங்கிவிட்டு ஸ்குரு டிரைவரை எடுத்தான். முதல் ஸ்குரு கழன்றது. இரண்டாவதைத் திருகும்போதுதான், அதை வலது கையில் பிடித்திருக்கிறோம் என்பது உறைத்தது. இடது கைக்கு மாற்றினான். இடது கை தொதுக்புதுக்கென்று நழுவிப் பெட்டியின் பெயிண்டைக் கீறியது. கண்மாய் வளைவு கண்ணுக்குள் வந்தது. மறுபடி வலது கைக்கே மாற்றி மற்ற ஸ்குருக்களைக் கழற்றினான். நிமிர்ந்து பார்த்தான். ஐயாத்துரை அவன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 

வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கண்ணாடி உடையவில்லை. ஊசிக்கால்களை ஓட்டைக்கு நேராகப் பிடித்து, பெருவிரலால் மெதுவாக அமுக்கினான். 'டக்' என்று உட்கார்ந்தது. மூடியைப் போடாமலே மின்சாரம் கொடுத்தான்.

"சூடாகட்டும். கொஞ்ச நேரம்தான்."

"எம்புட்டு?"

"குழம்பு கொதிக்கிற நேரம்கூட ஆகாதுண்ணே."

அந்த நேரம் நகரவே இல்லை. வால்வின் அடியில் எல்இடி வெளிச்சத்துக்குள் வேறொரு செம்புள்ளி மெல்லத் துளிர்த்தது. ஐந்து ஆண்களும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருவனின் வியர்வை நாற்றம் அறை முழுக்க நின்றது. ராஜகுருவின் கீழுதட்டிலிருந்து சொட்டிய ரத்தம் கீபோர்டில் விழுந்தது. துடைத்துவிட்டு, பதிவை ஓடவிட்டான். பெட்டியின் முகப்பில் சத்தத்தை அளந்து காட்டும் முள், பக்கத்தில் நின்றவர்களின் மூச்சுக்கே ஆடியது.

"பாடுங்கண்ணே."

ஐயாத்துரை மைக்குகளின் முன்னால் வந்து நின்றார். கையில் அருவாள் இருந்தது, கீழே வைக்கவில்லை. கண்ணை மூடிக் கருப்பனைக் கூப்பிட்டார். எல்லையைக் காக்கிறவனே, ஓடைக்கரையில் குதிரையை நிறுத்தினவனே, வெட்டருவாள் ஏந்தினவனே என்று ஏறி ஏறிப் போனது பாட்டு. அடிபட்ட மிருகம் பாடியதுபோல இருந்தது. நெற்றிக்கட்டின் ஓரத்தில் புது ரத்தம் கசிந்து புருவத்துக்கு இறங்கியது. முள் சிவப்பைத் தொட்டுத் தொட்டு விழுந்தது.

முடிந்ததும் ராஜகுரு ஒரு பட்டனைத் தட்டினான். அவன் கைக்கு அது பழக்கம். பாடியதைப் போட்டுக் காட்டும்போதும் பதிவை நிறுத்தமாட்டான். யாராவது பேசுவது பின்னால் உதவும் என்று ஓடவிடுவான். முதலில் நேர் மைக். ஸ்பீக்கரில் ஐயாத்துரையின் குரல் வந்தது. வார்த்தை வார்த்தையாகச் சுத்தமாக, ஆனால் தோலும் எலும்புமாக. நேற்றுத் திடலில் சிரிப்பு வாங்கிய அதே குரல்.

பிறகு பெட்டியின் மைக்.

அதே மூச்சு, அதே வார்த்தை. ஆனால் ஆள் வேறு. கருவேலங்காட்டுக்குள்ளிருந்து கருப்பனே எழுந்து வந்து பேசியதுபோல மெத்தைகள் அதிர்ந்தன. வாசலில் நின்றவர்களில் ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"மாமா," என்றான் அருண்பாண்டியன். அவன் குரலில் முறுக்கு இறங்கியிருந்தது. "அப்படியே இருக்கு மாமா. ரெண்டும் அப்படியே நேத்து மாதிரி."

ஐயாத்துரை இன்னொரு தரம் போடச் சொன்னார். கேட்டார். தன் பெரிய குரலைக் கேட்கும்போது அவர் முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே இருண்டது.

"அப்ப பால்சாமி...?"

"அவுகளுக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணே. எந்தப் பெட்டியில பாடுறோம்னுகூடத் தெரியாது. தப்பு என்னுது. ஒங்களையும் கூப்பிட்டு மறுபடி பாட வச்சிருக்கணும். எனக்குத் தோணல. அண்ணே, தம்பிக்குப் போன் போடுங்க. வேகமாப் போடுங்க!"

ஐயாத்துரை செல்லை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே போய் நின்றது. மறுபடி போட்டார். அடித்தது. மூன்றாவது முறையும் போட்டார். தானாகவே ஸ்பீக்கர் பட்டனில் விரல் பட்டுவிட்டது. தம்பி எடுத்தான்.

"சுந்தரபாண்டி! ஏலே, வேணாம்! விட்டுரு அவன, விட்டுரு!"

அந்தப் பக்கம் இரைக்கும் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. கார்க் கதவு சாத்தும் சத்தமும் வந்தது.

"என்னண்ணே சொல்றீக? முடிஞ்சிருச்சுண்ணே. ரோட்டுலயே கெடக்கான். கெஞ்சுனான், கேக்கல. கழுத்துலயே போட்டாச்சு."

 அந்த மூச்சை ஸ்பீக்கர் கக்கிக்கொண்டே இருந்தது. ஐயாத்துரை செல்லை அணைத்தார். மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். சித்தப்பா மகன். ஒரே வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன். ஒரு பெட்டிக்காக.  ராஜகுரு அவரைப் பார்க்கப் பயந்து முள்ளைப் பார்த்தான். முள் ஆடிக்கொண்டிருந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

ஐயாத்துரை தலையைத் தூக்கினார்.

"இடது கைன்னு சொன்னே."

"அண்ணே?"

"எந்தக் கையால திருகுனேன்னு கேட்டேன். இடது கைன்னே. ஸ்குருவ எந்தக் கையால திருகுனே? பட்டன எந்தக் கையால தட்டுனே? பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்." அவர் எழுந்து நின்றார். பேசப் பேசக் குரலில் தெம்பு ஏறியது. பிடித்து ஏறக் கயிறு கிடைத்தவர் மாதிரி. "கையப் பத்திப் பொய் சொன்னவன் குரலப் பத்தி மட்டும் நெசத்தச் சொல்லிருவானா? நீயும் அவனும் கூட்டு. இப்பவும் இந்தப் பெட்டியில என்னத்தையோ திருகித்தான் என்னைய ஏமாத்துனே."

"மாமா, வேணாம்," என்றான் அருண்பாண்டியன். "அவன் சொன்னது நெசந்தான. நானே காதால கேட்டேன்."

ஐயாத்துரை திரும்பினார். "என்ன கேட்டே?"

அருண்பாண்டியன் அவர் கையில் இருந்ததைப் பார்த்தான். "ஒண்ணும் கேக்கல மாமா."

"பிடிலே வலது கைய."

ராஜகுரு மேசைக்கு அடியில் பாய்ந்தான். தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். உதைத்தான், கடித்தான். யாருடைய கட்டை விரலிலோ பல் இறங்கியது. முழங்காலை வயிற்றில் ஏற்றி அவனை மேசைமேல் கவிழ்த்தார்கள். "ஈஸ்வரி!" என்று அவன் கத்தினான். அருவாள் வந்தது. அவன் கடைசிக் கணத்தில் கையை இழுத்ததால் மணிக்கட்டில் விழ வேண்டியது விரல்களில் விழுந்தது. முதலில் வலி தெரியவில்லை. மேசையில் மூன்று விரல்கள் தனியே கிடந்தன. பிறகுதான் தோள்வரை நெருப்பு ஏறியது.

அடுத்த வெட்டு பெட்டிமேல் விழுந்தது. வால்வு 'டப்' என்று வெடித்துக் கண்ணாடித் தூள் பறந்தது. ஐயாத்துரை அதை விடாமல் கொத்தினார். மூடி நசுங்கி, முள் வளைந்து, தகடெல்லாம் பிதுங்கி வரும்வரை கொத்தினார். "என் குரலு இதுக்குள்ளதான கெடக்கு? கெட! செத்துக் கெட!" பிறகு கம்ப்யூட்டர் திரையிலும் இரண்டு வெட்டு. திரை கறுத்தது. "போலீசுக்கு வாயத் தெறந்தே, அடுப்படியில கெடக்கிறவ இருக்க மாட்டா," என்று சொல்லிவிட்டுத் தன் ஆட்களோடு வெளியேறினார். வண்டி உறுமிப் போனது.

அவர்கள் வெட்டியது வால்வுப் பெட்டியையும் வெறும் திரையையும். கம்ப்யூட்டரின் மின்விசிறி இரையும் என்பதற்காக அதைச் சுவருக்கு அந்தப்பக்கம், அடுப்படிப் பரணுக்கு அடியில் ராஜகுரு வைத்திருந்தான். வயர்கள் மட்டும் சுவர் ஓட்டை வழியாக வந்தன. மைக்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டி மேசையின் அடிப்பக்கத்தில் ஸ்குரு போட்டு ஒட்டியிருந்தது. அதன் பச்சை விளக்கு இன்னும் மினுக்கியது. வால்வு வழியாகப் போன குரல் பெட்டியோடு செத்துவிட்டது. நேர் மைக் சாகவில்லை.

ஈஸ்வரி அம்மிக்குழவியால் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு வந்தாள். மேசையைப் பார்த்தாள். முந்தானையைக் கிழித்து அவன் கையைச் சுற்றி இறுக்கினாள். சுற்றச் சுற்றத் துணி சிவந்தது.

"கம்ப்யூட்டர அணைச்சிறாத," என்றான் அவன். பல் அடித்துக்கொண்டது.

"என்னங்க சொல்றீக? வாங்க ஆஸ்பத்திரிக்கு!"

"இரு."

திரை இல்லை. ராஜகுரு ரத்தம் வழுக்கிய கீபோர்டை இடது கையால் தடவி, பதிவை நிறுத்தும் பட்டனைக் கண்டுபிடித்து அழுத்தினான். பிறகு சேமிக்கும் இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்தினான். விரல் தப்பியது. மறுபடி அழுத்தினான்.

"அவுக பேசுனது, சுந்தரபாண்டி போன்ல சொன்னது, எல்லாம் அந்த மெலிஞ்ச மைக்குல கெடக்கு," என்றான்.

ஈஸ்வரி உடைந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். "அந்த மைக்குல கொரலு சரியா வராதுன்னுதான இம்புட்டும். போலீசுக்காரவுகளுக்குக் கேக்குமா?"

"கனமா இருக்காது," என்றான் ராஜகுரு. அவள் தோளைப் பிடித்து எழுந்தான். "ஆனா ஒவ்வொரு வார்த்தையும் கேக்கும்."